மறு: டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் – தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு,
நிரலாக்கம் படித்துவிட்டு கேம் உருவாக்கத்தில் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் ஆக விரும்பும் மாணவர்களுக்குக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) ஓடவேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.6 மில்லிநொடிதான். ஓவியர் வரைந்த காட்டை அழகு கெடாமல் அதற்குள் அடக்குவது இவர் வேலை. ஷேடர் (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரல்) எழுதுவார், மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் பைத்தான் மொழியில் கருவிகள் செய்து கொடுப்பார். ‘தொழில்நுட்பக் கலைஞர்’ போதுமா?

---

வேண்டாம். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் எல்லாரையும் சினிமாக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நிரல் + கலைஞர் = நிரற்கலைஞர். இதை வைக்கலாம்.

---

சரி, ஷேடருக்கு? ‘நிழற்றி’ என்பது என் பரிந்துரை. புறநானூறு 189-இல் ‘வெண்குடை நிழற்றிய ஒருமை யோர்க்கும்’ என்று வருகிறது. நிழற்று என்ற வினை ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. இகரம் சேர்த்தால் கருவிப்பெயர். இன்னொன்று: பழந்தமிழில் நிழலுக்கு ஒளி என்றும் பொருள் உண்டு, நீரில் தெரியும் உருவம் என்றும் பொருள் உண்டு. ஷேடர் கணக்கிடுவதும் நிழல், ஒளி, எதிரொளிப்பு மூன்றையும்தானே! ஆங்கிலச் சொல்லைவிட இதுவே பொருத்தம்.

---

ஐயா, சொல் அழகுதான். ஆனால் காற்றில் புல் அசைவதும் ஷேடரால்தான்; அங்கே அது புல்லின் உருவத்தை ஆக்கும் முக்கோணங்களின் முனைகளை நகர்த்துகிறது. கம்ப்யூட் ஷேடர் என்ற வகையோ படமே வரையாமல் துகள்களின் பாதையைக் கணக்கிடும். 1988-இல் அனிமேஷன் நிறுவனமான பிக்சாரின் ரெண்டர்மேன் என்ற பட உருவாக்க வரையறையோடு இச்சொல் பரவியது. 2001-இல் ஜீஃபோர்ஸ் 3 என்ற கிராஃபிக்ஸ் சிப் வந்தபின் கேம் நிரலர் கைக்கும் வந்து, பொருள் எங்கோ போய்விட்டது. அப்புறம், யூனிட்டி என்ற கேம் உருவாக்க மென்பொருளைத் திறக்கும் மாணவர் அங்கே பார்க்கப்போவது ‘ஷேடர்’தான்.

---

பொருள் விரிவது குற்றமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்று நாம் சொல்லவில்லையா? நிழற்றியும் அப்படி விரியட்டும்.

---

நேரமில்லை நண்பர்களே. பெரும்பாலோர் சொன்னபடி ‘நிரற்கலைஞர்’ என்றே போடுகிறேன். ‘ஷேடர்’ அப்படியே இருக்கும். முதல் இடத்தில் மட்டும் ‘நிழற்றி’ அடைப்புக்குறிக்குள் வரும்.

---

அடைப்புக்குறிக்குள் வைத்த சொல் எங்கும் புழக்கத்துக்கு வந்ததில்லை. நிரற்கலைஞரையும் என்னால் ஏற்க முடியவில்லை. கேமில் வரும் கதாபாத்திரத்துக்கு அசைவதற்கான எலும்புச்சட்டம் பூட்டுவது, டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் போர்த்தும் படம்) அளவைக் குறைப்பது, ஓவியரோடு உட்கார்ந்து எதை விடலாம் என்று பேசி முடிவெடுப்பது எல்லாம் இவர் வேலைதான். அதில் நிரல் எங்கே இருக்கிறது? ‘கலைநுட்பர்’ என்பதை இரண்டாம் பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.