லேப்டாப் கீபோர்டு விளக்குக்கான யூஎஸ்பி டிரைவர்: ரிவ்யூவில் எதை முதலில் பார்ப்பது?

தறி:

வணக்கம். லினக்ஸ் கர்னல் டிரைவர் பேட்ச் (கர்னலில் சேர்க்க அனுப்பும் நிரல் மாற்றம்) ஒன்று ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது, சுமார் 300 வரி. லேப்டாப்புக்குள் யூஎஸ்பி வழியாக இணைந்திருக்கும் ஐடிஇ கண்ட்ரோலர் (வெண்டர் ஐடி 048டி), நான்கு மண்டல ஆர்ஜிபி கீபோர்டு. நிறம் மாறும்போதெல்லாம் 33 பைட் ஃபீச்சர் ரிப்போர்ட் (சாதனத்தின் அமைப்பை மாற்ற அனுப்பும் தரவுத் தொகுப்பு) ஒன்று போகிறது. முதல் பைட் ரிப்போர்ட் ஐடி, ஹெக்ஸில் சிசி. அடுத்தது ஹெக்ஸ் 16. பிறகு எஃபெக்ட், வேகம், வெளிச்சம் (1 அல்லது 2), அதன்பின் மண்டலத்துக்கு மூன்று பைட்டாக நிறங்கள்.

அமைப்பு இதுதான். ஹெச்ஐடி டிரைவர் (கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான வகை; ஃபங்ஷன் பெயர்களில் 'ஹிட்' என்று வரும்); மல்டிகலர் எல்இடி கிளாஸில் நான்கு எல்இடி, நான்கும் டெவ்எம் வகைப் பதிவு (டிரைவர் கழலும்போது கர்னலே தானாக நீக்கிவிடும்). டிரைவரின் பிரைவேட் ஸ்ட்ரக்ட் சாதாரண கேஸீஅல்லாக்கில் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) எடுக்கப்பட்டு, ரிமூவில் (டிரைவர் சாதனத்தை விடும்போது ஓடும் பகுதி) கேஃப்ரீ மூலம் விடுவிக்கப்படுகிறது. அந்த ஸ்ட்ரக்டுக்குள்ளேயே 33 பைட் அரே. பிரைட்னஸ்_செட் கால்பேக் (வெளிச்சத்தை மாற்ற கர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) அந்த அரேயை அழித்து, நிரப்பி, ஹிட்_ஹெச்டபிள்யூ_ரா_ரிக்வெஸ்ட் மூலம் அனுப்புகிறது. மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எதுவும் இல்லை.

நிறங்கள் ஒழுங்காக மாறுகின்றன. ஆனால் கேசன் (நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் கருவி) போட்ட கர்னலில் மாட்யூலை நீக்கினால் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, அதாவது விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை, வருகிறது. நான்கு மண்டலத்துக்கும் ஒரே நேரத்தில் எழுதினால் சில சமயம் கீபோர்டு ஒரு கணம் கறுத்து மீள்கிறது. இவை தவிர இந்த வகை டிரைவரில் வேறு எதையெல்லாம் தோண்டிப் பார்க்க வேண்டும்?

உள்ளிழை:

முதலில் ஆயுட்காலம். எது எப்போது பிறக்கிறது, எது எப்போது சாகிறது என்பதைத் தாளில் வரைந்துகொண்டு ரிமூவ் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். வரி இடைவெளி, பெயர் சூட்டல் எல்லாம் அப்புறம்.

கேசன் சொல்வதற்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. டெவ்எம் முறையில் பதிவானவை ரிமூவ் முடிந்த பிறகுதான் கழற்றப்படும். இங்கே ரிமூவ் ஸ்ட்ரக்டையே விடுவித்துவிடுகிறது. எல்இடியின் பதிவு விவரமான கிளாஸ்டெவ் அதற்குள் பொதிந்திருக்கிறது. பிறகு வரும் அன்ரெஜிஸ்டர் அந்தச் செத்த நினைவகத்தைத் தொடுகிறது.

ஸ்ட்ரக்டையும் டெவ்எம் ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று பேட்ச் எழுதியவர் பதில் சொல்லலாம். கேசன் அடங்கும், பிழை அடங்காது. எல்இடி அன்ரெஜிஸ்டர் ஆகும்போது கோர் தானாகவே வெளிச்சத்தை 0 ஆக்கச் சொல்லி உங்கள் கால்பேக்கை அழைக்கும். அந்த நேரத்தில், சாதனத்தை நிறுத்தும் ஹிட்_ஹெச்டபிள்யூ_ஸ்டாப் முடிந்திருக்கும். நிறுத்தப்பட்ட சாதனத்துக்கு ரிப்போர்ட் அனுப்புவது இன்று தற்செயலாக ஓடினாலும் தவறுதான்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஹிட்_ஹெச்டபிள்யூ_ஸ்டாப்பையே டெவ்எம் ஆக்‌ஷனாகப் போட்டு, ரிமூவ் கால்பேக்கை அறவே எடுத்துவிடுவார்கள். கடைசியாகச் சேர்த்தது முதலில் கழலும் என்பதால் வரிசை சரி போலத் தெரியும். ஆனால் டிரைவரில் ரிமூவ் இல்லையென்றால் ஹெச்ஐடி கோரே ஸ்டாப்பை அழைத்துவிடும், அதுவும் டெவ்எம் கழற்றலுக்கு முன்பே. ஸ்டாப் இரண்டு முறை ஓடும், எல்இடி மறுபடி பிந்திவிடும். அந்த வழியில் போனால் வெற்று ரிமூவ் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய டிரைவருக்கு நான் கேட்பது நேரான வழி: எல்இடியை டெவ்எம் இல்லாமல் பதிவு செய்யுங்கள். ரிமூவில் முதலில் நான்கு எல்இடி அன்ரெஜிஸ்டர், அடுத்து ஸ்டாப். புரோபின் (டிரைவர் சாதனத்தை ஏற்கும்போது ஓடும் பகுதி) தோல்விப் பாதையையும் இதே கண்ணோடு பாருங்கள். மூன்றாவது எல்இடி பதிவாகாமல் போனால் முதல் இரண்டும் ஸ்டாப்புக்கு முன் கழல வேண்டும். பெரும்பாலான பேட்சுகள் அங்கேதான் வழுக்குகின்றன, ஏனென்றால் அந்தப் பாதையை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

சுவிட்ச்போர்டு:

மேலே சொன்னது சரி. நான் கால்பேக் பக்கம் வர்றேன்.

பிரைட்னஸ்_செட் தூங்கக் கூடாத கால்பேக், அதாவது நடுவுல காத்திருக்கக் கூடாது. யூஎஸ்பி கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் தூங்கும். சிஸ்எஃப்எஸ் (கர்னல் அமைப்புகளை ஃபைலா காட்டுற இடம்) ஃபைல்ல எழுதும்போது புராசஸ் கான்டெக்ஸ்ட்ல ஓடறதால ஒண்ணும் தெரியாது. அந்த எல்இடியோட டிரிக்கர் ஃபைல்ல "ஹார்ட்பீட்"டை எழுதிப் பாருங்க. டைமர்லேர்ந்து அழைப்பு வரும், டீபக் அட்டாமிக் ஸ்லீப் (தூங்கக் கூடாத இடத்துல தூங்கினா காட்டிக்கொடுக்கிற அமைப்பு) போட்ட கர்னல்னா உடனே கத்தும். பிரைட்னஸ்_செட்_பிளாக்கிங்னு மாத்தச் சொல்லுங்க. அப்போ எல்இடி கோர் ஒர்க்கியூ (பின்னணியில ஓடுற வேலை வரிசை) வழியா அழைக்கும், தூங்கலாம்.

மாத்தினதும் மியூடெக்ஸ் இன்னும் அவசியமாயிடும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ஒர்க், பஃபர் மட்டும் ஒண்ணு. ஒருத்தர் பஃபரை அழிச்ச நேரத்துல இன்னொருத்தர் அனுப்பினா பூஜ்யம் போகும். நீங்க சொன்ன கறுப்பு அதுதான். அழிக்கிறது, நிரப்புறது, அனுப்புறது மூணுமே ஒரே பூட்டுக்குள்ள இருக்கணும். அனுப்புறதை மட்டும் பூட்டினா பிரயோஜனம் இல்லை.

அந்த 33 பைட் அரே ஸ்ட்ரக்டுக்குள்ள இருக்கிறதும் தப்பு. ரா ரிக்வெஸ்ட் கொடுத்த பஃபர் அப்படியே யூஎஸ்பி ஹோஸ்ட் கண்ட்ரோலருக்கு டிஎம்ஏ-வுக்கு (சிபியு இல்லாம நேரா நினைவகத்தைப் படிக்கிறதுக்கு) போகுது. ஸ்டாக்ல இருந்தா கர்னல் எச்சரிக்கை போட்டு மைனஸ் 11 திருப்பும், அதனால சீக்கிரம் மாட்டிக்கும். ஸ்ட்ரக்டுக்குள்ள இருக்கிறது சத்தமில்லாத வகை. எக்ஸ்86-ல ஓடும். கேஷ் ஒத்திசைவு இல்லாத ஆர்ம் போர்டுல, பக்கத்து ஃபீல்டும் பஃபரும் ஒரே கேஷ் லைன்ல உட்கார்ந்து ஒண்ணை ஒண்ணு கெடுக்கும். பஃபரைத் தனியா கேமல்லாக் பண்ணி, ஸ்ட்ரக்ட்ல பாயின்டர் மட்டும் வைக்கணும்.

ரிட்டர்ன் மதிப்பையும் பாருங்க. ரா ரிக்வெஸ்ட் வெற்றின்னா 0 தராது, அனுப்பின பைட் எண்ணிக்கை தரும், இங்க 33. புரோப்ல "ரிட்டர்ன் இருந்தா எர்ரர்"னு எழுதியிருந்தா வெற்றியே தோல்வியாயிடும். எதிர்ம எண்ணா இருந்தா அப்படியே திருப்பணும், 33-க்குக் குறைஞ்சா ஐஓ எர்ரர், சரியா 33-ன்னா 0.

நிறக் கணக்கை அவரே கையால பெருக்கி வகுத்திருந்தா எடுக்கச் சொல்லுங்க. மல்டிகலர் கிளாஸ்ல அதுக்குன்னே ஃபங்ஷன் இருக்கு, வெளிச்சத்தையும் அதிகபட்சத்தையும் வச்சு மூணு நிறத்தையும் அதுவே சுருக்கித் தரும். ஹார்டுவேர் வெளிச்ச பைட்டை 2-லயே நிறுத்திடலாம்.

முல்லைநில்லம்:

இருவரும் தொடாத ஒன்று, ஆனால் பயனருக்கு மிகவும் வலிக்கும் ஒன்று. அதே வெண்டர்-புராடக்ட் எண்ணில் எத்தனை இன்டர்ஃபேஸ் (ஒரே யூஎஸ்பி சாதனத்துக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதி) இருக்கிறது என்று பாருங்கள். விளக்கு ஒரு இன்டர்ஃபேஸிலும் விசைகள் இன்னொன்றிலும் இருக்கலாம். ஐடி டேபிள் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். "இது விளக்கு இன்டர்ஃபேஸ் இல்லை" என்று புரோப் ஈ-நோ-டெவ் திருப்பினால் பொது டிரைவரான ஹிட்-ஜெனரிக் அதை எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அந்த எண்ணுக்கு வேறு டிரைவர் இருப்பதாகத் தெரிந்தால் ஜெனரிக் ஒதுங்கிவிடும். விசைகள் செத்துப்போகும், லாகின் திரையில் கடவுச்சொல்கூட அடிக்க முடியாது. மற்ற இன்டர்ஃபேஸுக்கு டிஃபால்ட் கனெக்ட் கொடியுடன் ஸ்டார்ட் செய்து 0 திருப்புவதே சரி.

எது விளக்கு இன்டர்ஃபேஸ் என்று கண்டுபிடிக்கும் முறையையும் உற்றுப் பாருங்கள். பேரன்ட் டிவைஸை யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்று எண்ணி நேராக காஸ்ட் செய்திருந்தால், முன்னால் ஹிட்_இஸ்_யூஎஸ்பி சோதனை கட்டாயம் வேண்டும். யூஹிட் என்ற கர்னல் வசதி வழியாக யூசர்ஸ்பேஸிலிருந்தே (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரலிலிருந்தே) அதே எண்ணுடன் போலிச் சாதனம் உருவாக்கலாம். அதற்கு யூஎஸ்பி பேரன்ட் கிடையாது, கர்னல் கண்ட இடத்தைப் படிக்கும். இன்டர்ஃபேஸ் எண்ணை விட்டுவிட்டு, சிசி என்ற ஃபீச்சர் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரில் இருக்கிறதா, நீளம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

பழைய வழிகாட்டியைப் பார்த்து ஸ்பெஷல் டிரைவர் பட்டியலில் (ஜெனரிக் எடுக்கக் கூடாத சாதனங்களின் பட்டியல்) ஐடியைச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கர்னல் 4.16 முதல் அது தேவையில்லை.

பெயர்: மண்டலம் பிரிந்த கீபோர்டுக்கு "ஆர்ஜிபி:கேபிடி_ஸோன்ட்_பேக்லைட்-" என்று தொடங்கி லெஃப்ட், ரைட் போன்ற மண்டலப் பெயரில் முடிவது கர்னல் ஆவணத்தில் உள்ள வழக்கம். தயாரிப்பாளர் பெயரை முன்னால் ஒட்ட வேண்டாம்.

தறி:

மூவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. சஸ்பெண்டிலிருந்து எழுந்தால் விளக்கு ஃபர்ம்வேரின் பழைய நிறத்துக்குப் போய்விடுகிறது. அதற்குத் தனி ரெஸ்யூம் கால்பேக் எழுதியிருக்கிறார், வேண்டுமா? அடுத்து, திருத்தின பேட்ச் வந்ததும் எப்படிச் சோதிப்பது?

உள்ளிழை:

கோர் சஸ்பெண்ட்-ரெஸ்யூம் கொடி ஒன்று எல்இடி கிளாஸில் இருக்கிறது, அதைப் போட்டால் போதும். தூங்கும்போது 0, எழும்போது பழைய வெளிச்சம். எல்இடி சாதனம் ஹெச்ஐடி சாதனத்தின் பிள்ளை என்பதால், பேரன்ட் தூங்கும் முன் இது தூங்கும், பேரன்ட் எழுந்த பின் இது எழும். முழு 33 பைட்டும் மறுபடி போவதால் எஃபெக்டும் கூடவே மீளும். அவர் எழுதிய கால்பேக்கை நீக்கிவிடலாம்.

சுவிட்ச்போர்டு:

சோதனைக்கு கேசன், டீபக் அட்டாமிக் ஸ்லீப், புரூவ் லாக்கிங், டிஎம்ஏ ஏபிஐ டீபக்னு பிழை தேடுற அமைப்பு நாலும் போட்ட கர்னல் கட்டுங்க. நாலு மண்டலத்துக்கும் தனித்தனி லூப்ல நிறம் எழுதிக்கிட்டே இருக்கட்டும். அது ஓடும்போதே சிஸ்எஃப்எஸ் வழியா டிரைவரை அன்பைண்ட், பைண்ட்னு மாத்தி மாத்திப் பண்ணுங்க. ஹார்ட்பீட் டிரிக்கரோட ஒரு தடவை, சஸ்பெண்ட் நடுவுல ஒரு தடவை.

கம்பியில என்ன போகுதுன்னு பார்க்க யூஎஸ்பிமான் (யூஎஸ்பி போக்குவரத்தைக் காட்டுற கர்னல் வசதி). டெக்ஸ்ட் வடிவத்துல செட்டப் வரி "21 09 03சிசி", அப்புறம் இன்டர்ஃபேஸ் எண், "0021", 33-னு இருக்கணும். ஹெக்ஸ் 21 நீளம்னா 33 பைட். "0020"-ன்னு வந்தா ரிப்போர்ட் ஐடியை நீளத்துல சேர்க்கலைன்னு அர்த்தம். டெக்ஸ்ட் வடிவம் டேட்டாவுல முதல் 32 பைட்தான் காட்டும். கடைசி பைட் காணோம்னு பதற வேண்டாம், அது வேணும்னா வயர்ஷார்க்ல பிடிங்க.

முல்லைநில்லம்:

இன்னொன்றும் பாருங்கள், தறி. எஃபெக்ட், வேகம் இரண்டுக்கும் அவர் சொந்தமாக சிஸ்எஃப்எஸ் ஃபைல்கள் சேர்த்திருந்தால் அதைத் தனி பேட்சாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சிஸ்எஃப்எஸ் இடைமுகம் ஒருமுறை உள்ளே போனால் பிறகு மாற்ற முடியாது, ஆவணமும் உடன் வர வேண்டும். அதில் விவாதம் நீளும். நான்கு நிறம் காட்டும் அடிப்படை டிரைவர் அதற்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. அனுப்பும்போது இன்புட், எல்இடி இரண்டு அஞ்சல் பட்டியலுக்கும் போகட்டும். ஹெச்ஐடி பராமரிப்பாளர்கள் ஒரு பக்கமும் மல்டிகலர் பயன்பாட்டை எல்இடி பக்கத்தவர்களும் பார்த்தால்தான் முழுதாகப் பார்த்த மாதிரி.