புது அலுமினிய ஜன்னல், பழைய மழை: மிச்சப் பணத்தைக் கொடுக்கலாமா?

டிக்கோயா டீச்சர்:

வணக்கம். வீட்டு வேலை தெரிந்தவர்கள் இதைப் பொறுமையாக வாசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு டிக்கோயாவில், நோர்வூட் போகும் பாதைக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றபோது வந்த ஈ.பி.எஃப் பணத்தைப் போட்டுக் கட்டியது. ஜன்னல் நிலையெல்லாம் பலா மரம். மேற்குப் பக்கத்து நிலைகளின் அடிக்கட்டை உக்கிப்போய், கதவுகள் வீங்கிச் சாத்த முடியாமல் நின்றன. அம்மாவுக்கு இளைப்பு இருக்கிறது, குளிர்காற்று ஆகாது. அதனால்தான் ஆறு ஜன்னலையும் அலுமினியத்துக்கு மாற்ற முடிவு செய்தோம். எல்லாம் இழுத்துச் சாத்தும் ஜன்னல்கள்.

வேலையை எடுத்தவர் கொழும்புப் பக்கத்துக்காரர். பழையதைக் கழற்றுவது, புதிதைப் பொருத்துவது, சுற்றிப் பூசுவது எல்லாம் சேர்த்து 3,60,000 ரூபாய் பேசினார். 2,70,000 கொடுத்தாயிற்று. 90,000 பாக்கி.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் வேலையை முடித்துத் தருவதாகச் சொன்னார். புத்தாண்டு கிட்ட வரும்போது அவருடைய ஆட்கள் வந்து பழைய நிலைகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஓட்டைகளில் பொலித்தீனைக் கட்டிவிட்டு, ஊருக்குப் போய்விட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் இங்கே பின்னேரமானால் இடியும் மழையும்தான். பண்டிகை முழுக்க அம்மாவை அடுப்படியிலேயே படுக்க வைத்திருந்தேன். பொலித்தீன் படபடவென்று அடிக்கும் சத்தத்தில் அவருக்குத் தூக்கமே இல்லை. அதைவிட எனக்கு ஆறாதது, நல்ல நிலையில் இருந்த பலா மரக் கட்டைகளையும் சேர்த்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனதுதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டபோது "கழிவு மரம்தானே மிஸ்" என்றார். கிழக்குப் பக்கத்து நிலைகளில் ஒரு பூச்சி அரித்த அடையாளம்கூட இருக்கவில்லை.

புது நிலைகள் வந்தபோது ஓட்டையைவிடச் சிறியதாக இருந்தன. அளவெடுக்க ஒரு சின்னப் பையனை அனுப்பியிருந்தார். இடைவெளியைச் சீமெந்தால் அடைத்து, மேலே சிலிக்கனைப் பூசி ஏப்ரல் கடைசியில் பில் எழுதினார்கள். பில்லில் ஐந்து வருட உத்தரவாதம் என்று இருக்கிறது.

மே கடைசியில் பெருமழை பிடித்தது. முதல் இரவே மேற்குப் பக்கத்து மூன்று ஜன்னலிலும் கீழ் மூலைகளிலிருந்து தண்ணீர் வழிந்தது. இப்போது ஜன்னலுக்குக் கீழே பூச்சு ஊதி உரிகிறது. அம்மாவின் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி அறையின் நடுவில் போட்டிருக்கிறேன். போன் பண்ணினால் ஒருவர் வருவார், சிலிக்கன் குழாயைப் பிதுக்கிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அதே மூலை, அதே தண்ணீர்.

கடைசியாகப் பேசியபோது, மிச்சப் பணத்தைக் கொடுத்தால்தான் இனி ஆள் அனுப்புவேன் என்றார். கூடவே, "உங்கள் மலைநாட்டு மழைக்கு எந்த ஜன்னலும் தாங்காது" என்றும் சொன்னார். இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா போட்ட ஜன்னல்கள் உக்கும்வரை இதே மழையில்தான் நின்றன. உக்கிய பிறகும் சுவர் இப்படி ஊறியதில்லை. இங்கே வேலை எடுக்க வருபவருக்கு இங்கே என்ன மழை பெய்யும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? வட்டவளையும் கினிகத்தேனையும் எங்களுக்குப் பக்கத்தில்தான். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் மழை. இதெல்லாம் இரகசியமா?

தண்ணீர் உண்மையில் எங்கேயிருந்து வருகிறது? பணத்தைப் பிடித்து வைப்பது சரியா? எங்கே முறையிடலாம்?

---

நுவரெலியா குளிர்:

டீச்சர், வழிவது மழைத் தண்ணீர்தானா என்று ஒரு தடவை பாருங்கள். எங்கள் ஊரில் ஜனவரி, பெப்ரவரியில் மழையே இல்லாமலும் அலுமினிய நிலை உள்பக்கம் வியர்க்கும். விடியற்காலையில் துணியால் துடைத்து எடுக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அலுமினியம் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கடத்திவிடும், அறைக்குள் இருக்கும் ஈரம் அதில் படிந்துவிடும். அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து.

---

டிக்கோயா டீச்சர்:

நன்றி. இது அந்த வியர்வை இல்லை. மேற்கிலிருந்து காற்றோடு மழை அடிக்கும் இரவுகளில் மட்டும்தான் வருகிறது. காற்றில்லாத மழைக்கு வருவதில்லை. கிழக்குப் பக்கத்து மூன்றும் காய்ந்தே இருக்கின்றன.

---

தலவாக்கலை அலுமினியம் பட்டறை:

டீச்சர், நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்தே பாதி சொல்லிவிடலாம். இது சிலிக்கன் பற்றாமல் வரும் தண்ணீர் இல்லை. இன்னும் எத்தனை குழாய் பிதுக்கினாலும் நிற்காது.

இழுக்கும் ஜன்னலுக்குள் மழை கொஞ்சம் வரத்தான் செய்யும். பலகைகளுக்கு இடையில் இருப்பது பிரஷ் பட்டிதான், அது தூசியைத் தடுக்கும், காற்றோடு அடிக்கும் தண்ணீரைத் தடுக்காது. அப்படி வரும் தண்ணீர் அடித்தண்டவாளத்தில் விழுந்து, வெளிப்பக்கம் இருக்கும் சிறு துளைகள் வழியாக ஓடிவிட வேண்டும். அந்தத் துளை இல்லாவிட்டாலோ அடைபட்டாலோ தண்டவாளம் நிரம்பும். காற்று வெளியிலிருந்து தள்ளும்போது தண்ணீர் உள் விளிம்பைத் தாண்டி அறைக்குள் வரும். இல்லையென்றால் மூலை இணைப்பு வழியாகவும், தண்டவாளத்தில் போட்ட ஆணித் துளை வழியாகவும் சுவருக்குள் இறங்கும். உங்களுக்கு மூலையில் வழிகிறது, பூச்சும் ஊதுகிறது. அப்படியென்றால் இரண்டுமே நடக்கிறது.

மழை விட்ட நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, உள்ளிருந்து ஒரு ஜக்குத் தண்ணீரைத் தண்டவாளத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வெளியே ஒருவர் நிற்கட்டும். தண்ணீர் உடனே வெளியே வர வேண்டும். வராமல் தேங்கி நின்றால் துளையில் பிழை. தேங்காமலும் வெளியே வராமலும் குறைந்துகொண்டே போனால் சுவருக்குள் போகிறது. முழுவதையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்தது படி, அதாவது ஜன்னலின் அடியில் வெளிப்பக்கம் நீட்டிக் கட்டும் விளிம்பு. அது வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா? சுவரைவிட்டு ஒன்றரை, இரண்டு அங்குலமாவது வெளியே நீண்டிருக்கிறதா? அதன் அடியில் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்க வேண்டும். அந்தக் கீறல் இல்லாவிட்டால் தண்ணீர் படியின் அடிப்பக்கமாக ஊர்ந்து திரும்பவும் சுவரிலேயே இறங்கும். பழைய மேசன் பாஸ்மார் இதைத் தவறாமல் செய்தார்கள். உங்கள் பழைய மரநிலைக்கு அடியில் அது கட்டாயம் இருந்திருக்கும். கழற்றியபோது அதுவும் உடைந்து போயிருக்கும்.

சிலிக்கனைப் பற்றி ஒரு விஷயம். பூசும்போது வினாகிரி வாசம் அடித்ததா? அந்த வகை கண்ணாடிக்கு நல்லது, சீமெந்துச் சுவரில் சரியாகப் பிடிக்காது. சுவருக்கு வாசம் இல்லாத நியூட்ரல் வகை வேண்டும். அதையும் காய்ந்த, தூசியில்லாத சுவரில்தான் பூச வேண்டும். பழைய சிலிக்கன் மேல் புதிதைப் பூசினால் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அளவு குறைந்த நிலையைச் சீமெந்தால் இறுக்கியதும் சரியில்லை. ஈரச் சீமெந்து அலுமினியத்தை அரிக்கும். வெயிலுக்கு அலுமினியம் நீளும்போது அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பும் விழும்.

மேற்குச் சுவருக்கு நான் இழுக்கும் ஜன்னலே போடுவதில்லை. வெளியே திறக்கும் கதவு, சுற்றிலும் றப்பர் பட்டி, இறுக்கிப் பூட்டும் கொக்கி. காற்று தள்ளத் தள்ளக் கதவு பட்டியில் இறுகும். அல்லது பாதியைத் திறக்காத கண்ணாடியாக வைத்துவிடுவேன். கிழக்குப் பக்கம் எது போட்டாலும் பிரச்சினை குறைவு.

---

பண்டாரவளை அக்கா:

தங்கச்சி, எங்கள் பக்கம் இப்போது கச்சான் காற்று மட்டும்தான், மழை ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். அதனால் உங்கள் மழையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக் கூரை வேலையில் இதே மாதிரி ஒருவரிடம் மாட்டினேன்.

போனில் பேசுவதை நிறுத்திவிடுங்கள். இனி எல்லாம் எழுத்தில். எந்த ஜன்னல், என்ன குறை, எந்தத் திகதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதையே படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் போடுங்கள். "பணம் தரமாட்டேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேலை சரியாக முடிந்த அன்றைக்கு 90,000 தரத் தயார் என்று எழுதுங்கள். நாளைக்கு யாராவது விசாரித்தால் நீங்கள் பணத்தை ஏமாற்றவில்லை என்பது அந்த வரியில் தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கியதிலிருந்து அல்லது சேவையைப் பெற்றதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் பில் ஏப்ரல் கடைசி என்றால் ஜூலை கடைசி வரைதான் நேரம். அவர் "இந்தா வருகிறேன், நாளைக்கு வருகிறேன்" என்று இழுத்தாலும் நீங்கள் இந்தத் திகதியை விட்டுவிடக் கூடாது. பில்லில் ஐந்து வருட உத்தரவாதம் எழுதியிருப்பதுதான் உங்கள் பலம், பிரதி எடுத்து வையுங்கள்.

மத்தியஸ்த சபையும் இருக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை, அங்கே சட்டத்தரணிகள் பேசவும் முடியாது. இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், பிறகு நீதிமன்றம் போவதென்றால் அது உதவும். எந்தச் சபைக்குப் போவது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். என் விஷயம் அங்கேதான் முடிந்தது. எனக்கு முழுப் பணமும் வரவில்லை, ஆனால் கூரை ஒழுகுவது நின்றது.

பலா மரக் கட்டைகளையும் கடிதத்தில் எழுதுங்கள். பேச்சில் இல்லாத பொருளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பலா மரத்துக்கு இன்றைக்கு என்ன விலை என்று மர ஆலையில் கேட்டால் தெரியும்.

---

மஸ்கெலியா வாசகன்:

எனக்குத் தோன்றுவது வேறு. முழுப் பணத்தையும் பிடித்து வைத்தால் அந்த மனிதர் திரும்பியே வரமாட்டார். 90,000 ரூபாயை விட்டுவிட்டுப் போவது அவருக்குப் பெரிய நட்டம் இல்லை. பொருள் வாங்க என்று ஒரு 20,000 கொடுத்து ஆளை வரவழைத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்குங்கள். சண்டை பிடித்து வென்றாலும் மழைக்காலம் முடிந்துவிடும், அம்மா அந்த அறையில்தானே படுக்க வேண்டும்?

---

டிக்கோயா டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மழை கொஞ்சம் விட்டது, பக்கத்து வீட்டுத் தம்பியை வெளியே நிறுத்தி ஜக்குத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன்.

மேற்குப் பக்கத்து இரண்டு ஜன்னல்களில் துளைகள் இருக்கின்றன, ஆனால் அவர்கள் பூசிய சிலிக்கன்தான் அவற்றை அடைத்திருக்கிறது. தம்பி ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே வந்தது. மூன்றாவது, அம்மாவின் அறை ஜன்னல். அதில் துளையே போடவில்லை. ஊற்றிய தண்ணீர் நடு ஆணியைச் சுற்றி இறங்கிக்கொண்டே போனது, கொஞ்ச நேரத்தில் உள்சுவரில் ஈரம் தெரிந்தது. வெளிப்படி மூன்றிலும் சமமாகப் பூசப்பட்டிருக்கிறது, சரிவும் இல்லை, அடியில் கீறலும் இல்லை. எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டேன். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. மழையைக் குறை சொன்னாரே, அதற்காக. ஒரு துளை போட்டிருந்தால் போதும்.

மஸ்கெலியா வாசகன், நீங்கள் சொல்வது அம்மாவை நினைத்துத்தான் என்று புரிகிறது. ஆனாலும் முன்பணமாக இனி ஒரு ரூபாயும் கொடுக்க எனக்கு மனமில்லை. எங்களை ஓட்டைகளோடு விட்டுவிட்டுப் புத்தாண்டுக்குப் போனவர் அவர். அக்கா சொன்னபடி கடிதம் எழுதிவிட்டேன். படி மூன்றையும் உடைத்துச் சரிவோடு கட்ட வேண்டும், அம்மாவின் அறைக்கு வெளியே திறக்கும் றப்பர் பட்டி ஜன்னல் போட வேண்டும், பலா மரத்தின் விலையைப் பாக்கியில் கழிக்க வேண்டும், இதற்கு இரண்டு வாரம் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஜூலை நடுப்பகுதியில் அதிகார சபைக்கு முறைப்பாடு போகும்.

தலவாக்கலை அண்ணா, ஒன்று மட்டும். அவர் வராவிட்டால், மழைக்காலம் முடியும்வரை அந்த ஒரு ஜன்னலுக்கு நான் இப்போதைக்கு என்ன செய்யலாம்? ஊதிய பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசட்டுமா?

---

தலவாக்கலை அலுமினியம் பட்டறை:

பூச வேண்டாம் டீச்சர். ஈரச் சுவரில் பூசினால் அதுவும் ஊதும். ஊதியதைத் தட்டி எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள், சுவர் உள்பக்கமாவது காயட்டும்.

துளை போடாத அந்த நிலையை நீங்கள் தொடாதீர்கள். நீங்கள் துளைத்தால் உத்தரவாதம் போய்விட்டது என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். வெளியே ஜன்னலுக்கு மேலே ஒரு தகரத் துண்டைச் சாய்ப்பாக அடியுங்கள். இரண்டடி வெளியே நீட்டி, பக்கத்துக்கு ஓரடி கூடுதலாக இருந்தால் மழை நேரே கண்ணாடியில் அடிப்பது பெருமளவு குறையும். சுவரில் அடிக்கும்போது நிலையில் ஆணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் எந்தத் தகரக் கடையிலும் வளைத்துத் தருவார்கள். அந்த பில்லையும் எடுத்து வைத்து, கடிதத்தோடு சேருங்கள்.