பழைய கேசட் வீடியோவைத் தியேட்டர் திரையில் காட்ட எந்த புரொஜெக்டர் எடுக்கலாம்?

மாட்டுங்கா மருமகள்:
வணக்கம். அடுத்த மாதம் மாமனாருக்கு 80 வயது நிறைகிறது. மும்பை சயானில் ஒரு பழைய தியேட்டரைக் காலை வேளைக்குப் பேசியிருக்கிறோம். 1991இல் கும்பகோணத்தில் நடந்த எங்கள் கல்யாண வீடியோவைப் போட ஆசை. மாமனாருடைய அம்மா பேசி நடமாடுவது அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. மாமனாருக்குக் கண் மங்கல், டிவியில் முகம் பிடிபடுவதில்லை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம்.

தியேட்டர் மெஷினைத் தொடக் கூடாதாம், நாம்தான் கொண்டுவர வேண்டும். திரை 24 அடி அகலம், 13.5 அடி உயரம். லாமிங்டன் ரோட்டில் 2000 லூமன்ஸ் 4கே புரொஜெக்டர் ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா?

செம்பூர் ஆபரேட்டர்:
வாங்காதீர்கள் அம்மா. நான் தியேட்டர் கேபினில், அதாவது படம் ஓட்டும் அறையில், வேலை பார்த்தவன், இப்போது புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறேன். தியேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். சினிமாவுக்கு வைத்திருக்கும் அளவு சதுர அடிக்கு 14 லூமன்ஸ். உங்கள் திரை 324 சதுர அடி, அப்படியென்றால் 4536 லூமன்ஸ் வேண்டும். 2000 போட்டால் பாதிகூட வராது. கண் மங்கலானவருக்கு அது போதவே போதாது.

4கே என்றால் படத்தில் புள்ளிகள் அதிகம், இங்கே அதனால் பயனில்லை. நம் ஊர் கேசட்டில் படத்துக்கு 576 வரிதான், அதிலும் வீஎச்எஸ் என்றால் நுணுக்கம் இன்னும் குறைவு. படமும் 4:3, அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. அதனால் 1024×768 புள்ளிகள் உள்ள எக்ஸ்ஜிஏ புரொஜெக்டர், 5000 ஆன்சி லூமன்ஸ் (முறைப்படி அளந்த வெளிச்சம்), வாடகைக்குக் கேளுங்கள். பழைய மாடல் என்று யாரும் சீந்த மாட்டார்கள். ஆனால் அதன் வடிவமே 4:3, வெளிச்சம் முழுக்கப் படத்துக்கே போகும். அகலத் திரை புரொஜெக்டரில் இரண்டு ஓரமும் கறுப்பாகி, கால்வாசி வெளிச்சம் வீண்.

திரையை நிரப்பாதீர்கள். 16க்கு 12 அடி வையுங்கள். 192 சதுர அடி, 2700 லூமன்ஸ் போதும். விளக்கு பழசாகிப் பாதி வெளிச்சம்தான் தந்தாலும் கிட்டத்தட்டச் சமாளிக்கும்.

அந்தேரி எடிட்டர்:
ஃபைலை முதலில் பாருங்கள். கேசட் படம் நொடிக்கு 50 பாதிப் படங்களாக இருக்கும். அப்படியே போட்டால் கை அசையும் இடத்தில் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும், பெரிய திரையில் அது ரொம்பவே உறுத்தும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேர் இலவசம். அதில் பாதிப் படங்களை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் ‘பாப்’ வைத்து 50 பிரேமாக மாற்றுங்கள், அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.

மாட்டுங்கா மருமகள்:
ரொம்ப நன்றி. 16 அடி சின்னதாகத் தெரியாதா? கேபின் திரையிலிருந்து 70 அடி தள்ளி இருக்கிறது.

செம்பூர் ஆபரேட்டர்:
தாத்தாவை முன்பக்கம் ஏழெட்டு வரிசைக்குள் உட்கார வையுங்கள், முகம் ஆள் உயரத்துக்குத் தெரியும்.

கேபினிலிருந்து வேண்டாம். தூரத்தைப் பட அகலத்தால் வகுத்துத்தான் லென்ஸ் பார்ப்போம்: 70ஐ 16ஆல் வகுத்தால் 4.4, அதற்குத் தனி லென்ஸ் வேண்டும். சாதாரண லென்ஸ் 1.8 என்றால் திரையிலிருந்து 29 அடியில், இருக்கைகளுக்கு இடையே உள்ள நடைபாதையில் மேடை போட்டு வைக்கலாம். கோணலான படத்தைச் சரிக்கட்டும் கீஸ்டோனைத் தொடாமல் புரொஜெக்டரை நேராக நிறுத்துங்கள். லேப்டாப்பைப் பக்கத்திலேயே வைத்தால் எச்டிஎம்ஐ வயர் நீளம் பிரச்சினை இல்லை. திரை 3டிக்கான வெள்ளித் திரையா என்றும் கேளுங்கள். அப்படியானால் நடு வரிசை இருக்கை எடுங்கள், ஓரத்தில் மங்கும்.

சத்தத்துக்குத் தியேட்டர் ஸ்பீக்கரையே கேளுங்கள். பாட்டி பேசும் இடத்தில் நாதஸ்வரம் மேலே ஏறினால் எடிட்டர் தம்பியிடம் சொல்லி முன்பே சரி செய்துகொள்ளுங்கள். முதல் நாள் மாலை ஒரு முறை ஓட்டிப் பார்க்க நானே வருகிறேன்.