பெரியப்பாவின் கூத்துப் பதிவுகளும் பேச்சற்றுப் போன ஹார்ட் டிஸ்க்கும்

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்கள் பெரியப்பா ஆரணிக்கு அருகே ஒரு கிராமத்தில் கூத்து வாத்தியாராக இருந்தவர். 2011 முதல் 2019 வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் கோடைக்காலம் தோறும் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், இரவில் முகவீணை என்ற சிறு ஊதுகுழல் ஒலிக்கத் தொடங்குவது முதல் பொழுது விடியும் வரை அவருடைய ஆட்டத்தைப் பதிவு செய்து வந்தேன். அத்தனையும் 1 டிபி கொள்ளளவுள்ள ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. பெரியப்பா 2021-இல் காலமானார். சென்ற ஆண்டு அவருடைய திதி நாளில் வீட்டார் அந்தப் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். டிஸ்க்கைச் செருகினேன், விளக்கு எரிந்தது, ஆனால் கணினித் திரையில் எதுவும் தோன்றவில்லை.

முதலில் கேபிளைத்தான் சந்தேகித்தேன். இவ்வகை டிஸ்க்குகளில் நுழையும் அந்த அகலத் தட்டை முனை, சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். விரலால் லேசாகத் தொட்டாலே மேலும் கீழும் ஆடும். வேறு கேபிளை மாற்றினேன். கணினியின் முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கும் மாற்றினேன். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தருவது 900. டிஸ்க்கின் உள்ளே தரவைத் தாங்கும் தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் டிஸ்க் அதிக மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், வலுவில்லாத துளையில் விளக்கு எரிந்தும் வேலை நடக்காமல் போவது உண்டு. எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்குச் சிக்கல் இந்த இடத்திலேயே தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை.

பின்பக்கத் துளையில் செருகியபோது, நெடுநேரம் கழித்து ஒரு டிரைவ் எழுத்து தோன்றியது. திறக்கப் போனால், 'ஃபார்மட் செய்ய வேண்டுமா' என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். தட்டு ஒரே சீராகச் சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்டது. படிக்கும் தலை பழுதானால் கேட்கும் 'டக், டக்' என்ற தட்டல் இல்லை. அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு மென்பொருள் போட்டு மீட்டுத் தருவதாகச் சொன்னார்கள். கையிலிருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழுதான டிஸ்க்கில் புதிதாக ஒரு பைட் எழுதுவதும் ஆபத்து. பிழை திருத்தும் செக் டிஸ்க் கட்டளையும் எழுதக்கூடியதே. நகல் எடுப்பதற்கு முன்னால் அதை ஓட்டக் கூடாது.

பிறகு உறையை மெதுவாகப் பிரித்தேன். உள்ளே ஒரு சிறிய மின்சுற்று போர்டும், அதன் பின்னால் கணினிக்குள் டிஸ்க்குகளை இணைக்கும் சாதாரண சாட்டா முனையும் இருந்தன. யுஎஸ்பிக்கும் சாட்டாவுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் அந்தச் சிறு போர்டு, படிக்க முடியாத செக்டர், அதாவது தட்டில் தரவு எழுதும் சிறு பகுதி, எதிர்ப்பட்டால் பல நேரங்களில் தொடர்பையே துண்டித்துவிடும். ஆகவே அதை விலக்கிவிட்டு, டிஸ்க்கை நேரடியாக மேசைக் கணினியின் சாட்டா கேபிளில் இணைத்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி5 என்ற வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கையில், 312 என்று இருந்தது. டிஸ்க் சாகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்தது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, புதிதாக வாங்கிய 2 டிபி டிஸ்க்கில் டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரலால் முழு நகல் எடுக்க ஆரம்பித்தேன். சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால், கெட்ட இடம் ஒன்று வந்ததும் கணினி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இந்த நிரலோ கெட்ட பகுதியைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, விட்டுவந்த இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்பதை மேப் ஃபைல் என்ற சிறு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். முதல் ஐந்து மணி நேரத்தில் 93 சதவீதம் வந்துவிட்டது. மிச்சத்துக்கு இரண்டரை நாள் ஆயிற்று. வேலூர் வெயிலில் டிஸ்க் சூடேறாதிருக்க, டேபிள் ஃபேனை அதன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். நடுவில் செவ்வாய்க்கிழமை பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் பார்த்ததால், காலை எட்டரை மணிக்கே நிரலை முறையாக நிறுத்தி, மாலையில் மேப் ஃபைலின் துணையோடு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முடிவில் 99.98 சதவீதம் கிடைத்தது. விடுபட்டது ஏறக்குறைய 140 எம்பி.

அதன் பின் மூல டிஸ்க்கை நான் தொடவே இல்லை. டெஸ்ட் டிஸ்க் என்ற மீட்பு நிரலை நகலின் மேல் ஓட்டியதில் பெரும்பாலான கோப்புறைகள் பழைய பெயர்களோடு வந்தன. 2013, 2014 கோப்புறைகள் மட்டும் வரவில்லை. அவற்றை ஃபோட்டோரெக் நிரலால் தோண்டி எடுத்தேன். அது கோப்பின் பெயரையும் கோப்புறையையும் பார்ப்பதில்லை; கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுத்து, எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகத் தானே பெயர் வைத்துவிடும். எந்தக் கோப்பு எந்த ஊரின் எந்த இரவு என்பதைக் கண்டுபிடிக்க நானும் தங்கையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். பெரியப்பா வேடத்தில் தோளில் அணியும் புஜக்கட்டையின் இடப்பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டு 2014-இல் விழுந்துபோய், அந்த இடத்தில் அவர் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார். பளிச்சென்று மின்னினால் 2013, மங்கலாகத் தெரிந்தால் 2014 என்று பிரித்தோம். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்களை அந்த நிரலால் ஒட்டித் தர முடியவில்லை. துரியோதனன் வீழும் படுகளக் காட்சியின் இரண்டு பதிவுகள் பாதியோடு நின்றுவிட்டன.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, நான் திருமண ஸ்டுடியோ நடத்துகிறேன். என்னுடையது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க். அவசரத்தில் அதே மாதிரி முனையுள்ள 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை உதவியாளர் செருகிவிட்டார். கருகிய வாடை வந்தது, அத்தோடு டிஸ்க் சுழல்வதை நிறுத்திவிட்டது. வேலூரில் செல்போன் போர்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு தம்பி மீட்டரை வைத்துப் பார்த்து, மின் பாதுகாப்புக்காக இருக்கும் டயோடு தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகியிருப்பதாகச் சொல்லி, அரிசியளவே உள்ள அதை மட்டும் கழற்றி எடுத்தார். சரியான அடாப்டரில் டிஸ்க் உடனே சுழன்றது. அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை என்பதால், ஒரே மூச்சில் பதினொரு திருமணங்களையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அதை ஓய்வில் வைத்துவிட்டோம்.

வாலாஜாவிலிருந்து:

எனக்கு நல்ல முடிவு கிடைக்கவில்லை. பீரோ மேலிருந்து டிஸ்க் விழுந்தது. செருகியபோது தட்டல் ஒலி கேட்டது. அதன் பொருள் தெரியாமல் இரண்டு நாள் திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தேன். ஃப்ரீசரில் வைக்கச் சொன்னவர்களின் பேச்சையும் கேட்டேன். வெளியே எடுத்ததும் ஈரம் படிந்தது. பிறகு ஒருவர் சாதாரண அறையிலேயே மேல்மூடியைத் திறந்து பார்த்தார். சென்னையில் உள்ள ஆய்வகத்துக்கு நான் எடுத்துச் சென்றபோது, தட்டின் மேல் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருப்பதைக் காட்டினார்கள். படிக்கும் தலை, தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறதாம்; ஒரு தலைமுடியின் தடிமன் அதைப் போல் பல ஆயிரம் மடங்கு. என் அம்மாவின் கடைசி ஆறு ஆண்டுப் படங்கள் அதில் இருந்தன.

ஆரணியிலிருந்து:

அண்ணா, என் டிஸ்க்கின் உறைக்குள் சாட்டா முனையே இல்லை. யுஎஸ்பி துளை நேராகப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தட்டல் ஒலி இல்லை. பெயர் தெரிகிறது, கொள்ளளவு மட்டும் காட்டவில்லை. அதே மாடல் போர்டை வாங்கி மாற்றிவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

சத்துவாச்சாரியிலிருந்து:

வாலாஜா சகோதரிக்கு: உங்கள் இழப்பைப் படித்துவிட்டு நெடுநேரம் மனம் ஆறவில்லை. தெரிந்திருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்பீர்கள். அதைச் சொல்லித்தர அன்று உங்கள் அருகில் யாரும் இல்லை.

ஆரணித் தம்பிக்கு: சம்மதிக்காதீர்கள். பெரும்பாலான போர்டுகளில் அந்த டிஸ்க்கின் தலைகளுக்கே உரிய அளவுகளைப் பதித்த சிப் ஒன்று இருக்கும். அதையும் எடுத்துப் புதிய போர்டில் பற்றவைத்தால் ஒழிய வேலை நடக்காது. சில மாடல்களில், நாம் கடவுச்சொல் எதுவும் வைக்காதபோதும் தரவு அந்தப் போர்டின் வழியே மறையாக்கம் ஆகித்தான் எழுதப்படுகிறது. மூலப் போர்டு தொலைந்தால் திறவுகோலும் தொலையக்கூடும். பெயர் தெரிந்து கொள்ளளவு தெரியாதிருந்தால், டிஸ்க் தன்னை இயக்கும் உள்நிரல் இருக்கும் பகுதியையே படிக்க முடியாமல் தவிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். டிடிரெஸ்கியூவால் அங்கே ஒன்றும் ஆகாது. அதற்கென்றே கருவி வைத்திருக்கும் ஆய்வகம்தான் வழி. ஆனாலும் கேபிளைச் சோதிக்காமல் அங்கே போக வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல் வீட்டில்தான் இருப்பேன், என்னிடம் நல்ல கேபிள்கள் மூன்று இருக்கின்றன. அதுவரை எங்கும் செருகிப் பார்க்காமல், துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.