வி.எஃப்.ஏ. (மெல்பேர்ணின் பழைய ஃபுட்டி, அதாவது அவுஸ்திரேலியக் கால்பந்துப் போட்டி) ஞாயிறுகள்: வேலியோரம் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

டண்டினோங்வாசி:

போன கிழமை பேரனை இங்கே டண்டினோங்கில் இருக்கிற ஷெப்லி ஓவல் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டிங்ரேஸ் பெடியன்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வேலியில் கையை ஊன்றியதும் 1989 ஞாபகம் வந்துவிட்டது. பேரனிடம் சொன்னேன், "இங்கே பெரிய ஆட்களின் அணி ஒன்று இருந்தது, நம்முடைய டண்டினோங் அணி." அவன் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இப்போ இல்லையே தாத்தா" என்றான். அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

நான் மெல்பேர்ணுக்கு வந்தது 86இல். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை எல்லாம் பூட்டு. கேரம் டவுன்ஸ் கோயிலும் அப்போது கட்டவில்லை. ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தோம். சமைத்துச் சாப்பிட்டு, ஊருக்குக் கடிதம் எழுதி முடித்தால் அந்த நாளில் வேறு வேலை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஃபுட்டிக்கு வருகிறாயா?" என்று கேட்டார். போனேன். போர்ட் மெல்பேர்ணோடு ஆட்டம். சிவப்பு நீலக் கோடு போட்ட சட்டையில் அவர்கள் ஓடி வந்தபோது எங்கள் பக்கம் எழும்பிய கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு விளையாட்டு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் முதல் கால்பகுதி முடிந்து சைரன் ஊதியதும் நடந்ததை மறக்க முடியாது. சனம் எல்லாம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆட்டக்காரர்கள் வட்டமாக நிற்க, பயிற்சியாளர் நடுவில் நின்று கத்துகிறார். அவர்கள் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், நாங்கள். முன்னால் நின்ற ஆளின் முழங்காலில் இருந்து இரத்தம் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சேறு, வியர்வை, அதோடு அவர்கள் பூசியிருந்த தைலத்தின் மணம். அம்மா தடிமனுக்கு நெஞ்சில் தேய்க்கிற கோடாலித் தைலம் மாதிரியே இருந்தது. வந்து மூன்று வருடத்தில் இந்த நாட்டில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் பயமில்லாமல் நின்றது அன்றுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனும் போனேன். அப்போது ஒரு பக்கத்துக்கு 16 பேர்தான் ஆடினார்கள். மற்ற இடமெல்லாம் 18 பேர். 1959இல் விங் ஆட்கள், அதாவது இரண்டு ஓரத்திலும் ஆடுகிறவர்கள், இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள், ஆட்டம் திறந்து ஓடட்டும் என்று. என் மகன் பள்ளிக்கூடத்தில் 18 என்று படித்துவிட்டு வந்து என்னோடு வாதாடினான்.

கொஞ்சம் சரித்திரமும் சொல்லிவிடுகிறேன், இளம் ஆட்களுக்காக. விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன், அதாவது வி.எஃப்.ஏ., 1877இல் தொடங்கியது. 1896இல் காலிங்வுட், எசெண்டன், ஜீலோங், மெல்பேர்ண் என்று பலமான கழகங்கள் பிரிந்து போய், வி.எஃப்.எல். என்று தனி லீக் தொடங்கின. அடுத்த வருடம் எட்டு அணிகளோடு அது ஆடத் தொடங்கியது. 1925இல் ஃபுட்ஸ்கிரே, ஹாதோர்ன், நார்த் மெல்பேர்ண் மூன்றும் அங்கே போய்விட்டன. மிஞ்சியதும் பிறகு வந்து சேர்ந்ததும் புறநகர் அணிகள். பிரஸ்டன், கோபர்க், பிரன்ஸ்விக், நார்த்கோட், வில்லியம்ஸ்டவுன், பிரஹரான், ஓக்லி, சாண்ட்ரிங்காம். அவற்றை வைத்துக்கொண்டு இன்னும் எழுபது வருடம் ஓட்டினார்கள். அது சின்னக் காரியம் இல்லை.

எப்படி ஓட்டினார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டதால்தான். பெரிய லீக், அந்த வி.எஃப்.எல்., சனிக்கிழமை ஆடியது. 1960இலிருந்து வி.எஃப்.ஏ. ஞாயிறில் ஆடத் தொடங்கியது. 1967இலிருந்து தொலைக்காட்சியிலும் வந்தது. 1976இல் போர்ட் மெல்பேர்ணும் டண்டினோங்கும் ஆடிய கிராண்ட் ஃபைனலுக்கு 30,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். தோற்ற ஆட்டத்தைக்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்வார். 1982இல் பெரிய லீக்காரர்கள் தங்கள் சவுத் மெல்பேர்ண் அணியை சிட்னிக்கு அனுப்பி, அந்த ஆட்டங்களை ஞாயிறில் டிவியில் காட்டத் தொடங்கினார்கள். அதோடு ஞாயிறும் கையை விட்டுப் போனது.

டண்டினோங் 1991இல் வெர்ரிபியை வென்று சாம்பியன் ஆனது. அந்த இரவு எங்கள் தெருவில் கார் ஹோர்ன் நிற்கவே இல்லை. சரியாக மூன்று வருடம். 1994 சீசன் முடிந்ததும் டண்டினோங், ஓக்லி, பிரஹரான் மூன்றுக்கும் இடம் இல்லாமல் போனது. 95ஓடு வி.எஃப்.ஏ. என்ற பெயரும் முடிந்தது. 96இலிருந்து அந்தப் போட்டிக்கு வைத்த பெயர் வி.எஃப்.எல். நூறு வருடத்துக்கு முன் பிரிந்து போனவர்களின் பெயரையே கொண்டுவந்து இதன் மேல் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அணி போனதைவிட அதுதான் வலித்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பிரஸ்டன் பக்கம்:

நான் பிரஸ்டன் மைதானம் இருக்கிற கிரேமர் ஸ்ட்ரீட்டுக்குக் கிட்ட ஒரு ஃபிளாட்டில் இருந்தேன், 88 முதல் 93 வரை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவேன். ஆட்டம் இருந்தால் சைரன் சத்தத்தில் எழும்பிவிடுவேன். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் எந்தக் கால்பகுதி என்று படுத்தபடியே எண்ணப் பழகிவிட்டேன். ஒரு தடவைதான் உள்ளே போய்ப் பார்த்தேன், நல்ல மழை, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 83, 84 இரண்டு வருடமும் அடுத்தடுத்து சாம்பியன் என்று மார்க்கெட்டில் மீன்காரர் சொல்லிச் சொல்லி மனப்பாடம்.

ஓக்லி அக்கா:

டண்டினோங் அண்ணை, நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எந்த இல்லம் என்று சொல்ல மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எண்பது தாண்டிய ஒருவர் இருந்தார், மறதி நோய். மகள் பெயர் தெரியாது, சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. காலையில் நான் சட்டை மாற்றப் போனால் முதல் கேள்வி, "இந்த ஞாயிறு நம்ம கிரவுண்டா, அவங்க கிரவுண்டா?"

முதல் சில நாள் நான் விளங்காமல் "இன்றைக்குச் செவ்வாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் முகம் வாடிவிடும், சட்டைக்குள் கையை நுழைக்க மாட்டார். மகள் வந்தபோது கேட்டேன். அவர் ஓக்லி ஆள், வாராவீ பார்க்கில் நாற்பது வருடம் டிக்கெட் கிழித்தவர் என்று சொன்னார். அலமாரியின் அடியில் ஊதாவும் மஞ்சளும் கலந்த கம்பளி ஸ்கார்ஃப் ஒன்று இருந்தது. கையால் பின்னியது. ஒரு முனையில் நூல் பிரிந்து, வேறு ஊதா நூலால் தைத்திருந்தது. மனைவி தைத்ததாம்.

அதற்குப் பிறகு நான் "நம்ம கிரவுண்ட்தான்" என்று சொல்லப் பழகினேன். அவர் உடனே கையை நீட்டுவார். ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தில் சுற்றிவிட்டால் சட்டை, காலுறை, செருப்பு எல்லாம் சண்டையில்லாமல் நடக்கும். சில நாள் 1972 பற்றிச் சொல்வார். அந்த வருடம் கிராண்ட் ஃபைனலில் ஓக்லி டண்டினோங்கை வென்றது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் திக்காது.

பொய் சொல்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. எங்கள் மேலாளரிடமும் கேட்டேன். ஆனால் அவருக்கு அணி போன செய்தியை ஒவ்வொரு காலையும் புதிதாகச் சொல்வதைவிட இது மேல் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 94இல் ஒரு தடவை கேட்டதே அந்த மனிதருக்குப் போதும்.

தோர்ன்பரி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

நான் வி.எஃப்.ஏ. ஆட்டம் பார்த்ததில்லை, 99இல்தான் வந்தேன். ஆனால் என் மகளை விளையாடக் கூட்டிப்போகிற இடத்தின் பெயர் சர் டக்ளஸ் நிக்கோல்ஸ் விளையாட்டு வளாகம். யார் இவர் என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அங்கே பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் ஒன்றின் பாட்டி, பூர்வகுடிப் பெண்மணி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "உட்கார், சொல்கிறேன்" என்றார்.

டக் நிக்கோல்ஸ் யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். உயரம் 158 சென்டிமீட்டர்தான். கார்ல்டன் அணியில் ஆட முயன்றார். ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுகிறவர்கள், கறுப்பர் என்று அவரைத் தொட மறுத்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே இருந்து வெளியே வந்தவரை எடுத்துக்கொண்டது வி.எஃப்.ஏ.இல் ஆடிய நார்த்கோட். வெஸ்ட்கார்த் ஸ்ட்ரீட் மைதானம். 1929இல் நார்த்கோட் சாம்பியன் ஆனபோது அவரும் அணியில் இருந்தார். 32இல் ஃபிட்ஸ்ராய் அழைத்தது. பின்னாளில் போதகர் ஆனார், 1976இல் தெற்கு அவுஸ்திரேலியாவின் ஆளுநர் ஆனார். இப்போது ஏ.எஃப்.எல்., அதாவது இன்றைய பெரிய லீக், ஒவ்வொரு வருடமும் அவர் பெயரில் சுற்று நடத்துகிறது.

பாட்டி சொன்னதில் எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு. "சின்ன லீக் என்று சொல்லாதே, அந்தச் சின்ன லீக்தான் அவரைத் தொட்டது" என்றார். தன் கையை எடுத்து என் மகளின் தோளில் வைத்துக் காட்டினார். மகள் அதை வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் அப்படியே செய்து காட்டினாள்.

நார்த்கோட்டும் 87ஓடு வி.எஃப்.ஏ.வை விட்டுப் போய்விட்டது.

வில்லியம்ஸ்டவுன் (மதுரை):

நான் தமிழ்நாடு. 2010இல் வேலைக்கு வந்தேன். வில்லியம்ஸ்டவுன் மைதானத்துக்குப் பக்கத்திலேயே கடல், மேலே நின்றால் கப்பல் போவது தெரியும். குளிர்காற்று முகத்தில் அறையும். சீகல்ஸ் இப்போதும் ஆடுகிறார்கள், அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

2011இல் ஒரு ஆட்டத்தில் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் விதிகள் கேட்டுக்கொண்டிருந்தேன். பந்தை ஏன் எறியக் கூடாது, ஏன் குத்தித்தான் அனுப்பணும் என்று. அவர் சிரித்துவிட்டு, "இங்கே எறியலாம் என்று ஒரு காலம் இருந்தது" என்றார். 1938இல் வி.எஃப்.ஏ. அந்த விதியைக் கொண்டு வந்ததாம். இரண்டு கையாலும், தோளுக்குக் கீழே இருந்து எறியலாம். 1949 வரை நடந்தது. பெரிய லீக்கோடு சேராமல், ஆட்டத்தை வேகமாக்கிக் கூட்டத்தை இழுக்க இவர்கள் செய்த துணிச்சல் அது. பெரிய லீக்கின் நட்சத்திரங்களையும் அனுமதி கேட்காமலே கூட்டி வந்தார்கள். காலிங்வுட்டின் ரான் டாட் அப்படி வில்லியம்ஸ்டவுனுக்கு வந்தவர். போரால் மூன்று வருடம் நின்று போன போட்டி 1945இல் திரும்பத் தொடங்கியபோது அவர் அடித்தது 188 கோல்!

பெரியவர் அந்த 45ஐச் சின்னப் பையனாகப் பார்த்தவர். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, போட்டிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிச் சுருட்டி, இடுப்பு பக்கம் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைத் திருப்பி என்னிடம் எறிந்தார். நான் பிடித்தேன். "திருப்பி எறி" என்றார். எறிந்தேன். பக்கத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தொப்பியை ஏழெட்டுத் தடவை எறிந்து பிடித்தோம். அவருக்கு என் அப்பா வயது, ஆனால் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. அந்த சீசன் முழுக்க ஒரே இடத்தில் நின்று பார்த்தோம்.

டண்டினோங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஓக்லி அக்கா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 1967 பற்றிக் கதைப்பார். போர்ட் மெல்பேர்ண்காரர்கள் நடுவரோடு கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறப் பார்த்த அந்தக் கிராண்ட் ஃபைனலை நாங்கள் வென்றோம். 71 பற்றிக் கதைப்பார், அதுவும் வென்றது. 72 பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. அந்த நாளில் உங்கள் ஸ்கார்ஃப்காரரும் இவரும் ஒரே மைதானத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்றிருப்பார்கள்.

94க்குப் பிறகு அவர் வேறு எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. ஞாயிறு இரண்டு மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு ஷெப்லி ஓவலைச் சுற்றி ஒரு நடை. நானும் பல நாள் கூடப் போயிருக்கிறேன். கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நிற்போம். 2003இல் அவர் போனார்.

அடுத்த ஞாயிறு பேரனை அந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறேன், இரண்டு மணிக்கு. மழை இல்லாவிட்டால் பந்தும் கொண்டுபோவோம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் வரலாம். ஷெப்லியிலோ வாராவீ பார்க்கிலோ எடுத்த பழைய படம் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், பேரனுக்குக் காட்ட வேண்டும்.