மூங்கில் தரை ஒட்டும் முன் ஈரம் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. கூடத்தின் சிமெண்ட் தரைமேல் மூங்கில் பலகைகளைப் பசை போட்டு ஒட்ட நானே இறங்கியிருக்கிறேன். அறைக் காற்றுக்குப் பழகட்டும் என்று பலகைகளைப் பிரித்து அங்கேயே வைத்து 5 நாள் ஆகிறது. சுவரோரம் 12 மில்லிமீட்டர் இடைவெளி விடப்போகிறேன்.

சிக்கல் ஈரத்தில்தான். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாள்களை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். நடுக்கூடத்தில் ஒன்றுமில்லை. சன்னல் மூலையில் மட்டும் தாளின் உட்புறம் பனி படிந்தது போல மங்கியிருந்தது, கீழே சிமெண்ட் கருத்திருந்தது. விரலால் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. இதன்மேல் ஒட்டினால் மூங்கில் ஈரத்தைக் குடித்து, பலகை ஓரங்கள் தூக்கிக்கொள்ளுமே என்று பயமாக இருக்கிறது.

முழுத் தரைக்கும் எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டு ஒட்டலாமா? இல்லை, ஈரத்தையும் தடுக்கும் யூரித்தேன் பசையே போதுமா? அந்த மூலைக்கு மட்டும் பூச்சு அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பசை இழுக்கும் பல் கரண்டிக்குப் பசை வாளியில் ஓர் அளவும் பலகைப் பெட்டியில் வேறு அளவும் போட்டிருக்கிறது. எதைப் பின்பற்றுவது? சொந்தக் கையால் ஒட்டியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பதில் கிடைக்கும்வரை பசை வாளியைத் திறக்கப்போவதில்லை.