இசிஇ படித்துக்கொண்டே நியூரல் இன்ஜினியரிங் (மூளை, நரம்புகளோடு வேலை செய்யும் கருவிகளைச் செய்யும் துறை) பக்கம் போக வழி இருக்கிறதா?

மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவி, திருநெல்வேலி

என் பெரியப்பாவுக்குப் பார்கின்சன். போன வருடம் மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்து மின்சாரத்தால் தூண்டும் டிபிஎஸ் (டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்) செய்தார்கள். அதற்கு முன் டம்ளரைத் தூக்கினால் பாதிக் காபி வேட்டியில்தான். டாக்டர் கருவியை ஆன் செய்து கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டியபோது கை அடங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து இந்தத் துறைதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் பிளஸ் டூவில் நான் பயாலஜி எடுக்கவில்லை. பயோமெடிக்கலுக்கு மாற வேண்டுமா? வெளிநாடு போனால்தான் முடியுமா? கல்விக் கடன் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிஎச்டி மாணவி, பெங்களூரு

மாறவே வேண்டாம் தங்கச்சி. பெரியப்பாவின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருப்பது பேட்டரியும் பல்ஸ் ஜெனரேட்டரும். பெரும்பாலும் நொடிக்கு 130 மின் துடிப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். எல்லாம் உன் பாடம்தான். சிக்னல்ஸ், டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசசிங்), அனலாக் சர்க்யூட், லீனியர் அல்ஜீப்ரா நான்கையும் மார்க்குக்காக இல்லாமல் பிடிபடும்வரை படி. பயாலஜிக்கு, கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் எழுதிய சமன்பாடுகளில் இருந்து தொடங்கு. நரம்புச் சவ்வு அதில் ஒரு கெப்பாசிட்டர், அயனி வழிகள் மாறிக்கொண்டே இருக்கும் ரெசிஸ்டர்கள், அதனால் உனக்கு அது சர்க்யூட்டாகவே தெரியும். பைத்தானில் ஓட்டிப் பார். அப்புறம் பிசியோநெட் என்ற இணையதளத்தில் 109 பேரின் 64 சேனல் ஈஈஜி (தலைத் தோலில் எடுக்கும் மூளை மின் அலை) பதிவு இலவசமாகக் கிடைக்கிறது, இடது கையை அசைப்பதாக நினைத்தார்களா வலது கையையா என்று பிரித்துப் பார்.

மருத்துவக் கருவி டிசைன் வேலை, சென்னை

மேலே சொன்னது சரி, ஆனால் அடுத்தவர் பதிவு செய்த டேட்டாவோடு நின்றுவிடாதீர்கள். ஒரு முறையாவது நீங்களே சிக்னல் எடுங்கள். ஈஈஜி சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஹாஸ்டல் அறையில் நான் முதலில் எடுத்தபோது திரை முழுக்க கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், மூளை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. டியூப்லைட்டை அணைத்து, வயர்களை முறுக்கிக் கட்டி, பின்னந்தலையில் ஜெல் போட்டு எலக்ட்ரோடை மறுபடி ஒட்டி, நண்பனைக் கண்ணை மூடச் சொன்னேன். இரண்டே நொடியில் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அலை அழகாக எழுந்தது, கண்ணைத் திறந்ததும் போய்விட்டது. இந்தத் துறையில் பாதி வேலை இப்படி இரைச்சலைத் துரத்துவதுதான், அது பிடித்திருந்தால் தைரியமாக வாருங்கள். ஒன்று மட்டும்: எலக்ட்ரோடு உடம்பில் இருக்கும்போது எல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும், லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள்.

எம்டெக் முடித்தவர், வேலூர்

கடன் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எம்டெக் சேர்வதற்கான கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது, இசிஇ தாளும் எழுதலாம். கேட் வழியாக எம்டெக் சேர்ந்தால் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். பிஎச்டி-க்கு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) அளவில் மாதம் 37,000 ரூபாய். ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் படிப்பையும் பாருங்கள், நோயாளி பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. வெளிநாட்டுக்கு இன்னொரு கடன் வாங்கி எம்எஸ் போவதை நான் சொல்ல மாட்டேன், உதவித்தொகையோடு பிஎச்டி கிடைத்தால் போங்கள்.

மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவி, திருநெல்வேலி

ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்களுக்கும். இந்த லீவில் ஈஈஜி சர்க்யூட்டைத் தொடங்குகிறேன். அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு செக்கப், டாக்டர் அந்த அளவுகளை எப்படி மாற்றுகிறார் என்று இந்த முறை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.